ஐயத்தால் எழுந்த ஏடுகள்

ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளிலே 'கல்வெட்டு' என்னும் பெயரால் ஒரு சிறுநூல் அச்சிட்டு வழங்கும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் உண்டு. அதில் வம்சாவளி இருக்கும். வாழ்க்கைக் குறிப்பு இருக்கும். புலம்பற் பாக்களும் இருக்கும். தம் குடும்ப வரலாற்றை எழுதப் புகுவோர் பலரும் முதலிற் கையில் எடுப்பது இதனையே. இஃது அன்பினால் எழுந்த ஏடு. ஆதலின், இதில் வரும் முன்னோர் யாவரும் நற்குடிப் பிறந்தோர்; யாவரும் கொடையாளர். கடன்பட்டு மாண்டவர் அதில் இல்லை. பிறர் வயலிற் கூலிக்கு உழைத்தவரும் இல்லை. இதனை நான் குறை கூறவில்லை. இரங்கற் பாவிலே சான்று கேட்பது பண்பன்று. ஆயினும், இரங்கற் பா வேறு, வரலாறு வேறு.

இதற்கு நேர்மாறான ஏடுகள் பிரித்தானியாவில் உள்ளன. அவை ஐயத்தினால் எழுந்தவை. இவன் வரி செலுத்தினானா, படையை விட்டு ஓடினானா, இவனுக்குச் சோறிடும் கடமை எந்த ஊரினது என்று ஆள்வோர் குடிகளை ஐயுற்று எழுதிய ஏடுகள் அவை. எளிய மக்களின் வரலாற்றை அன்பால் எழுந்த ஏட்டினும் ஐயத்தால் எழுந்த ஏடே நன்கு காத்துத் தந்திருக்கிறது என்பது என் கருத்து. அதனைப் படிக்கும் முறையறிந்து படித்தல் வேண்டும் என்பதும், அது காட்டுவது நமக்கு உவப்பாயினும் கசப்பாயினும் ஏற்றல் வேண்டும் என்பதும் அக்கருத்தோடு ஒட்டியவை.

எட்டாம் ஹென்றி மன்னனின் அமைச்சரான தோமஸ் குரொம்வெல் 1538 ஆம் ஆண்டில் ஓர் ஆணை பிறப்பித்தார். இங்கிலாந்தின் ஒவ்வொரு கோயிற்பற்றிலும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் குருவானவர் ஏட்டிற் பதிதல் வேண்டும் என்பது அவ்வாணை. புதுவரி ஒன்றுக்கு இது தோற்றுவாய் என்று மக்கள் அஞ்சினர். அஞ்சினும் ஏடு தொடங்கிற்று. முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், தாளில் எழுதியவற்றைத் தோலேட்டிற் பெயர்த்தெழுதவும், ஆண்டுதோறும் ஒரு படியை அத்தியட்சருக்கு அனுப்பவும் விதி வந்தது. 1837 யூலை 1 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறப்பு, விவாகம், இறப்பு ஆகியவற்றை அரசே பதியத் தொடங்கிற்று. ஸ்கொத்லாந்தில் அது 1855 இல் தொடங்கிற்று. குடிசன மதிப்பு 1801 இலேயே எடுக்கப்பட்டதாயினும், நாடெங்கும் மக்கள் பெயர் பெயராக எழுதப்பட்டு, அவ்வேடுகள் காக்கப்பட்டது 1841 முதலே. நூறாண்டு கடந்த பின்னரே அவ்விடாப்புகள் பொதுமக்கள் பார்வைக்கு விடப்படுகின்றன. இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் 1921 ஆம் ஆண்டு இடாப்பு 2022 சனவரியில் திறக்கப்பட்டது.

இவற்றினும் என் உள்ளத்தைக் கவர்ந்தவை ஏழைகளைப் பற்றிய ஏடுகளே. 1662 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வறியவன் ஒருவனை அவனுக்குரிய கோயிற்பற்றுக்குத் திருப்பி அனுப்பலாம். தம் பணம் செலவாதலை விரும்பாத ஊரவர் அவனை நீதவான் முன் நிறுத்துவர். எங்கே பிறந்தாய்? யாரிடம் தொழில் பயின்றாய்? ஓராண்டு முழுதும் ஊழியஞ் செய்த இடம் யாது? யாரை மணந்தாய்? பிள்ளைகள் எத்தனை பேர்? இவ்வினாக்களுக்கு அவன் சொன்ன விடைகள் எழுதப்பட்டன. தன் பெயரையும் எழுதத் தெரியாத ஒரு கூலியாளின் வாழ்க்கை வரலாறு இவ்வாறு ஏட்டில் ஏறிற்று. அவனுக்குக் கஞ்சி வார்க்க மனமில்லாதவர்களே அவனுக்கு வரலாறு எழுதி வைத்தார்கள்! படைவீரர் செய்தியும் இத்தகையதே. வேறொருவன் அவன் பெயரால் ஓய்வூதியம் பெறாதிருத்தற்பொருட்டு, அவனது உயரமும் மயிரின் நிறமும் கண்ணின் நிறமும் குறிக்கப்பட்டன. ஓவியன் முன் ஒருநாளும் அமர்ந்திராத உழவன் மகனின் கண் என்ன நிறம் என்பதை அவன் வழிவந்தோர் இன்று அறிகின்றனர்.

இவ்வேடுகளைப் படிக்கும் முறை தமிழ் கற்றோருக்குப் புதிதன்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் கலித்தொகையை 1887 இற் பதிப்பித்தார்கள். அவர்கள் போன்ற பதிப்பாசிரியர்கள், ஓர் ஏட்டில் உள்ளது என்பதற்காகவே ஒரு பாடத்தை ஏற்றதில்லை. பல பிரதிகளை ஒப்புநோக்கினார்கள். எழுதினோன் யார், எதைப் பார்த்து எழுதினான், எங்கே வழுவினான் என்று ஆராய்ந்தார்கள். கோயிற்பற்று ஏட்டுக்கும் அந்நெறியே வேண்டும். அத்தியட்சருக்கு அனுப்பிய படி, அவ்வேட்டுக்கு மற்றொரு பிரதி, இரண்டையும் ஒப்பிடுக. எழுத்தறியாதவன் தன் பெயரைச் சொல்ல, குருவானவர் தம் செவிக்குப் பட்டவாறு எழுதினார்; ஆதலின் உடன்பிறந்தார் இருவரின் குடும்பப் பெயர் இருவேறு வகையாய் இருத்தல் கூடும். இக்காலத்திற் கணினியிற் பெயரைத் தட்டியவுடன் நிரல் ஒன்று தோன்றுகிறது. அந்நிரல், பழைய கையெழுத்தைப் பிறிதொருவர் படித்துப் பெயர்த்தது. அது வழிகாட்டும் பலகை. சென்று சேரும் ஊர் அன்று. மூல ஏட்டின் படத்தைக் காணாமல் முடிபு கூறுதல் ஆகாது.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். ஒருத்தி 1720 மே மாதத்தில் மணந்தாள் என்றும், அவள் மகவுக்கு 1720 பெப்ரவரியில் ஞானஸ்நானம் நடந்தது என்றும் ஏடு கூறுவதாகக் கொள்வோம். மேலோட்டமாய்ப் படிப்போன் அவள் ஒழுக்கத்தில் ஐயங் கொள்வான். ஆனால் இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படி ஆண்டு பிறந்த நாள் மார்ச்சு 25. ஆகவே ஏடு 1720 பெப்ரவரி என்பது, நம் கணக்கில் 1721 பெப்ரவரி. மணமாகி ஒன்பதாம் மாதத்திற் பிறந்த பிள்ளை அது. நாட்காட்டி அறியாத ஒருவனால், இறந்து முந்நூறு ஆண்டான ஒரு பெண்மேற் பழி விழுந்திருக்கும்! இவ்வாறே 1841 ஆம் ஆண்டு இடாப்பில், பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்தெழுதுமாறு விதி இருந்தது. முப்பத்தொன்பது வயதினன் முப்பத்தைந்து எனப்பட்டான். 1851 ஆம் ஆண்டு இடாப்போடு முரண்படுகிறதே என்று மயங்குவோர் அவ்விதியை அறியாதவர்.

ஏடு பேசாமல் விட்டதையும் படித்தல் வேண்டும். பெண்ணின் தொழில் எழுதவேண்டிய கட்டம் பெரும்பாலும் வெறுமையாய் இருக்கும். அவள் தொழில் செய்யவில்லை என்பது அதன் பொருளன்று. எழுதினோன் அதனைத் தொழிலாகக் கொள்ளவில்லை என்பதே பொருள். 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது, வாக்குரிமை வேண்டிய மாதர் பலர், தம்மைக் குடியாக மதியாத அரசு தம்மை எண்ணவும் வேண்டா என்று பெயர் கொடுக்க மறுத்தனர். எமிலி வைல்டிங் டேவிசன் என்னும் அம்மையார் அன்றிரவு பாராளுமன்றக் கட்டடத்திலேயே ஒளிந்திருந்தார். தம் இருப்பிடம் பாராளுமன்றம் என்று பதியப்படல் வேண்டும் என்பது அவர் எண்ணம். தீயும் தன் பங்கைக் கொண்டது. இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் 1931 ஆம் ஆண்டு இடாப்புகள் 1942 இல் எரிந்தன. முதலாம் உலகப் போரிற் பணிபுரிந்த வீரர்களின் பதிவுகளிற் பெரும்பகுதி 1940 இற் குண்டுவீச்சில் எரிந்தது. ஆகவே, ஏட்டில் இல்லாதவன் உலகில் இல்லாதவன் என்று கொள்ளற்க.

இனி, கசப்பான ஏட்டுக்கு வருகிறேன். அடிமை வாணிகத்தைப் பிரித்தானியா 1807 இல் ஒழித்தது, அடிமைமுறையை ஒழிக்கவில்லை. கள்ளமாய்ப் புதிய அடிமைகள் கொணரப்படுகின்றனரோ என்னும் ஐயத்தால், குடியேற்ற நாடுகளில் அடிமைகளைப் பதியும் முறை வந்தது. 1819 இல் அதற்கென இலண்டனில் ஓர் அலுவலகம் ஏற்பட்டது. 1833 ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறையை ஒழித்தபோது, இரண்டு கோடி பவுண் இழப்பீடாக ஒதுக்கப்பட்டது. அடிமைகளாய் இருந்தோருக்கு அன்று, அவர்களை உடைமையாய் வைத்திருந்தோருக்கு! இழப்பீடு கேட்டோரின் நிரல்களும் இருக்கின்றன. அவற்றில், பிரித்தானியாவை விட்டு அகலாத கைம்பெண்களும் சமயகுருமாரும் உளர். தம் முன்னோர் அமைதியான நாட்டுப்புறத்து மாந்தர் என்றே கேட்டு வளர்ந்த குடும்பங்கள் சில, அந்நிரலிலே அவர்கள் பெயரைக் கண்டு திடுக்குற்றன.

இது நமக்குப் புறத்ததன்று. 1833 ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையை விலக்கிற்று. இங்கே அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது 1844 இல். அதற்கு முன், 1818 இல், யாழ்ப்பாணப் பகுதியில் அடிமைகளைப் பதியச் சட்டம் செய்யப்பட்டது. இலங்கைக்குரிய அடிமைப் பதிவேடுகள் இலண்டனிலுள்ள கியூவில், தேசிய சுவடிக் கூடத்தில், கரீபியத் தீவுகளின் பதிவேடுகளோடு உள்ளன. புலம்பெயர்ந்து வாழும் நம் இளைஞர் வம்சாவளி தேடி அங்கே செல்வராயின், சிலர்க்குத் தம் முன்னோர் உடையவர் நிரலிற் கிடைக்கலாம். சிலர்க்கு உடைமை நிரலிற் கிடைக்கலாம்.

'இவற்றைக் கிளறுவதால் ஆவது யாது? பழைய புண்ணைக் கீறுவதன்றோ?' என்று நல்லோர் சிலர் கேட்கின்றனர். அவர்க்கு நான் கூறும் விடை இது: உடையவருக்குக் கல்வெட்டு உண்டு, தோம்பிலே காணி உண்டு, உறுதியிலே பெயர் உண்டு. உடைமையாய் இருந்தோருக்கு எழுத்திலுள்ள கல்வெட்டு இப்பதிவேடு ஒன்றே. அதனை மூடிவைப்போம் என்பது, தமக்கு மட்டும் வரலாறு போதும் என்பதாகும். குலப்பெருமை பேசுதற்கு வம்சாவளி தேடுவோன் தனக்கு ஒவ்வாத ஏட்டை மூடிவிடுவான். வரலாறு தேடுவோன் அவ்வேட்டையே முதலில் விரிப்பான்.

ஏடு என்பது பழமையாராய்ச்சிக்கு மட்டும் உரியது என்று எண்ணுவோரும் உளர். 1948 ஆம் ஆண்டு அவ்வெண்ணம் பிழை என்பதை இரு நாடுகளிற் காட்டிற்று. அவ்வாண்டு யூன் 22 இல், 'எம்பயர் வின்ட்ரஷ்' என்னும் கப்பல் கரீபிய மக்களைத் தில்பரித் துறையில் இறக்கிற்று. அக்கப்பலிற் சென்றோரின் நிரல் கியூவிற் காக்கப்படுகிறது. ஆயின், அக்காலத்தில் வந்திறங்கியோர் பலரின் வருகைச் சீட்டுகளை உள்நாட்டு அமைச்சு 2010 இல் அழித்துவிட்டது. பின்னர், அரை நூற்றாண்டுக்கு மேல் அந்நாட்டில் உழைத்தோரை நோக்கி, ஆண்டுதோறும் இங்கிருந்தமைக்குச் சான்று எங்கே என்று அரசே கேட்டது. வேலையிழந்தார் சிலர், நாடு கடத்தப்பட்டார் சிலர். 2018 இல் அது பெரும் பழியாய் வெடித்தது. இலங்கையிலோ, அதே 1948 இல் வந்த குடியுரிமைச் சட்டத்தின்படி, இந்நாட்டிற் பிறந்தமை மட்டும் போதாது. தந்தை, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தமைக்குச் சான்று வேண்டும். மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளி என் செய்வான்? தோட்டத்துச் செக்றோலிலே அவன் வேலைநாட் கணக்கு இருந்தது. பாட்டன் பிறந்த இடம் இருக்கவில்லை. பல இலட்சம் மக்கள் நாடற்றோர் ஆயினர். 2003 ஆம் ஆண்டுச் சட்டம்வரை அத்துயர் நீண்டது.

ஐயத்தால் எழுந்த ஏடு எளியோனைக் காப்பதும் உண்டு. அது காணாமற் போனபோது அவ்வையம் மட்டும் நின்று அவனை வருத்துவதும் உண்டு. இதனை ஆசிரியர்களும் மாணவர்களும் உள்ளத்திற் கொள்ளல் வேண்டும். மாணவர்க்குக் குடும்ப வரலாறு எழுதும் பயிற்சி கொடுப்போர், 'உன் குலத்துப் பெரியார் யார்?' என்று கேளாது, 'உன் பாட்டியின் பெயர் எந்த இடாப்பில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது? எழுதினோர் எதற்காக எழுதினர்?' என்று கேட்பாராக. ஒவ்வொரு பாடசாலையிலும் பழைய சேர்வு இடாப்பும் சம்பவத் திரட்டுப் புத்தகமும் உள்ளன. போரிலும் வெள்ளத்திலும் தப்பியவை சிலவே. அவை செல்லுக்கு இரையாகுமுன் படமெடுத்துப் பேணுதல் நம் கையில் உள்ளது. வெறும் பெயரும் வயதும் தந்தை தொழிலும் தானே என்று அவற்றை எளிதாய் எண்ணற்க. கியூவிலே மக்கள் தேடிச் சென்று கண்ணீரோடு படிப்பதும் அம்மூன்றையே.