வாயால் சொல்ல வேண்டாம், எழுதிக் கொடுங்கள்

ஊராட்சியில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குபவருக்கு என்ன வேலை? காலையில் மோட்டார் போட வேண்டும். வால்வைத் திறந்து தெருத்தெருவாகத் தண்ணீர் விட வேண்டும். அளவு பார்த்துக் குளோரின் கலக்க வேண்டும். குறித்த நாளில் தொட்டியைக் கழுவ வேண்டும். இது ஊரறிந்த வேலை.

ஆனால் அந்த வேலையில் இருக்கும் அண்ணன் ஒருவர் எங்களிடம் வந்து சொன்ன பட்டியல் நீளமானது. தெருவிளக்கு எரியவில்லையா, அவர்தான் போக வேண்டும். சாக்கடை அடைத்தால் அவர்தான் குத்திவிட வேண்டும். திருவிழா முடிந்த மறுநாள் எச்சில் இலை அள்ளவும் அவர்தான். "நாய் செத்துக் கிடந்தாலும் எனக்குத்தான் போன் வருது தம்பி. தண்ணி விடத்தானே என்னை வேலைக்கு வச்சாங்க?" என்று கேட்டார்.

அதே ஊராட்சியில் ஊர்த்தெருவுக்கு இன்னொரு தொட்டி உண்டு. அதற்கும் ஓர் இயக்குபவர் இருக்கிறார். அதே பதவி, அதே சம்பளம். அவர் வால்வைத் திறந்து மூடிவிட்டுத் தன் வயலைப் பார்க்கப் போய்விடுவார். அவருக்கு நாயைப் புதைக்கச் சொல்லிப் போன் வருவதில்லை. அவர்மீது நமக்குக் குறை இல்லை. அவர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார். காகிதத்தில் ஒன்றாக இருக்கும் பதவி, காலனிக்கு வந்ததும் ஏன் மாறிவிடுகிறது என்பதுதான் நம் கேள்வி. கூடுதல் வேலை யார் தலையில் விழும் என்பதைப் பதவி தீர்மானிக்கவில்லை. பிறந்த தெரு தீர்மானிக்கிறது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. ஒருவரிடம் வெவ்வேறு கூலி விகிதம் உள்ள இரண்டு மூன்று வகை வேலைகளை வாங்கினால், ஒவ்வொன்றிலும் அவர் செலவிட்ட நேரத்துக்கு அந்தந்த வேலைக்குரிய குறைந்தபட்சக் கூலியைக் கொடுக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இதைச் சொன்னது. அதன் இடத்தில் வந்துள்ள 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் இதையே சொல்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலை, அரசமைப்பின் 23-ஆவது பிரிவு தடை செய்த கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

செத்த நாய் விஷயம் கூலிக் கணக்கோடு முடிவதில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாத ஒருவர், இந்த மக்களில் ஒருவரைச் செத்த விலங்கை அப்புறப்படுத்த வைத்தால் அது வன்கொடுமை. தடுப்புச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் அதைக் குற்றமாகவே எழுதி வைத்திருக்கிறது. 'சும்மா ஒரு உதவிதானே' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

நாங்கள் அந்த அண்ணனிடம் முதலில் கேட்டது போராட்டம் அல்ல, ஒரு நோட்டு. தேதி, நேரம், என்ன வேலை, யார் சொன்னது என்று தினமும் நான்கு கட்டம் எழுதச் சொன்னோம். அவருக்கு எழுத வராது. பத்தாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் எழுதினாள். இன்னொரு பக்கம், தொட்டி இயக்குபவருக்கு வகுக்கப்பட்ட பணிகள் எவை, அவருடைய ஊதியம் எந்த ஆணைப்படி கணக்கிடப்படுகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் வில்லை ஒட்டி மனுப் போட்டோம். பதிலையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு வட்டார வளர்ச்சி அலுவலர் முன் உட்கார்ந்தோம்.

அங்கே நாங்கள் வைத்தது ஒரே கோரிக்கை: இனி எந்த வேலை சொன்னாலும் எழுத்தில் சொல்லுங்கள். 'செத்த நாயைப் புதைக்கவும்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க அங்கே யாரும் முன்வரவில்லை. அன்றோடு அந்தப் போன் நின்றது. இரண்டு இயக்குபவர்களுக்கும் ஒரே பணிப் பட்டியல் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டது. செய்த கூடுதல் வேலைக்கான கூலி இன்னும் வரவில்லை. அந்த மனு நடக்கிறது.

இதை முழு வெற்றி என்று சொல்ல மாட்டோம். அவர் கையிலிருந்து போன சாக்கடைக் கம்பி இப்போது தூய்மைப் பணியாளரான ஓர் அக்காவின் கையில் இருக்கிறது. அவரும் நம் தெருதான். ஒருவர் சுமையை இறக்கி இன்னொருவர் தலையில் வைப்பது தீர்வாகாது. அந்த வேலைக்குரிய கருவி, கையுறை, உரிய கூலி என்பதுதான் எங்கள் அடுத்த மனு.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறைப் பொறுப்பை வகித்தவர். வேலை நேரத்தையும் கூலியையும் சட்டத்தில் எழுதி வைப்பதற்கு அவர் ஏன் அத்தனை பாடுபட்டார் என்பது அந்த அலுவலகத்தில் எங்களுக்குப் புரிந்தது. வாய்ச்சொல்லுக்கு முன் ஏழை தனியாள். எழுத்தில் இருப்பதை அவ்வளவு எளிதாக யாரும் மறுக்க முடியாது.

கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகளே, உங்கள் தெருவிலும் தண்ணீர் விடுபவர், பெருக்குபவர், பள்ளியில் கழிவறை கழுவுபவர் இருப்பார். உங்கள் அப்பாவாகவோ அத்தையாகவோகூட இருக்கலாம். இன்று மாலை ஒரு நோட்டு வாங்கி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு என்னென்ன வேலை செஞ்சீங்க?" என்று கேட்டு எழுதத் தொடங்குங்கள்.