முன்னுக்கு ஒரு கணக்கு, பின்னுக்கு ஒரு கணக்கா?

"முன் ஆக்ஸில் சும்மாதானே சார் சுத்துது, எந்தப் பினியன் போட்டா என்ன?" என்று கேட்கும் மெக்கானிக்குகள் நம் மலைப்பக்கம் பெருகிவிட்டார்கள். பழைய ஜீப்பை வாங்கிப் புதுப்பிக்கும் பிள்ளைகளும் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் 32 வருடம் கிரீஸ் கையோடு இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இது ஆளைக் கொல்லும் பேச்சு.

கணக்கைப் பாருங்கள். யுத்த காலத்து வில்லிஸ் எம்பி ஜீப்பில் கிரவுன் வீலுக்கு 39 பல், பினியனுக்கு 8. ரேஷியோ 4.88. பிறகு வந்த சிஜே 3பி-யில் 43-க்கு 8, அதாவது 5.38. இரண்டின் முன் ஆக்ஸிலும் வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். காயலான் கடையில் கிடைத்ததை மாட்டிவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது.

இந்த வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் வீல் லீவரைப் போட்டதும் இரண்டு ஷாஃப்ட்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். ஷாஃப்ட் 43 சுற்று சுற்றினால் பின் சக்கரம் 8 சுற்று. முன்னால் 4.88 இருந்தால் அது 8.8 சுற்று சுற்றியாக வேண்டும். 6.00-16 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் போகும். பின் சக்கரம் 17.6 மீட்டர் போவதற்குள் முன் சக்கரம் 19.4 மீட்டர் போகத் துடிக்கிறது. சேஸிஸ் ஒன்றுதானே? மிச்சம் 1.8 மீட்டர் எங்கே போகும்? சேற்றில் டயர் வழுக்கித் தீர்த்துக்கொள்ளும். தார் ரோட்டிலும் பாறையிலும் வழுக்க இடமில்லை. ஷாஃப்ட், கிராஸ், பல் எல்லாம் முறுக்கேறும். லீவர் இறுகிப்போய் வெளியே வராது. கடைசியில் எதுவோ ஒன்று உடையும்.

"ஃபோர் வீலை எப்போதாவதுதானே போடுகிறோம்" என்பார்கள். அந்த எப்போதாவது எப்போது வரும்? ஐப்பசி மழையில், ஒரு பக்கம் பள்ளமுள்ள எஸ்டேட் பாதையில், ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது வரும். ரேஷியோ சரியில்லாத வண்டியில் அந்த நேரம் முன் சக்கரம் வழுக்கிக்கொண்டே இருக்கும். வழுக்கும் சக்கரம் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. அப்படி உடைந்து கயிறு கட்டி இழுத்து வந்த வண்டியை நானே பிரித்துப் பார்த்திருக்கிறேன். அதில் கூலியாட்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். மண்மேட்டில் மோதி நின்றதால் பிழைத்தார்கள்.

இன்னொரு வாதம்: "டிராக்டரில் முன்னுக்கும் பின்னுக்கும் வேறு ரேஷியோதானே, ஓடவில்லையா?" ஓடுகிறது. அங்கே முன் சக்கரம் சிறியது. அந்தச் சின்னச் சக்கரம் பெரிய சக்கரத்தோடு சேர்ந்து போகத்தான் ரேஷியோவையே மாற்றி வைத்திருக்கிறான். நாலு டயரும் ஒரே அளவாக இருக்கும் ஜீப்புக்கு அந்த நியாயம் எப்படிப் பொருந்தும்?

கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுங்கள். இந்த ஜீப்புகளில் அது ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும். ஃபோர் வீல் லீவரை எடுத்துவிட்டு, கியரையும் டிரான்ஸ்ஃபரையும் நியூட்ரலில் வையுங்கள். ஒரே ஒரு பின் சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட்டில் சாக்பீஸால் குறி போட்டு எண்ணுங்கள். ஐந்தேகாலைத் தாண்டினால் 5.38. ஐந்துக்குக் கொஞ்சம் குறைந்தால் 4.88. முன்னாலும் ஒரு சக்கரத்தைத் தூக்கி இதையே செய்யுங்கள். இரண்டும் ஒத்துவர வேண்டும்.

இந்தப் பத்து நிமிடம் செலவழிக்காத மெக்கானிக்குக்கு ஆக்ஸிலைத் தொட உரிமையில்லை. ஆக்ஸில் மாற்றினால் ரேஷியோவைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுங்கள்.