அறுபது நாளுக்குள் அறிய வேண்டிய நோய்

குழந்தைகளின் இரைப்பை, குடல், ஈரல் ஆகியவற்றின் நோய்களுக்கெனத் தனிப் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் பெரும்பாலும் பெருநகர மருத்துவமனைகளிலேயே இருப்பதால், நெய்வேலி போன்ற நகரியங்களின் பெற்றோர் புதுச்சேரிக்கோ, ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவிலுள்ள சென்னைக்கோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைவது வழக்கமாகிவிட்டது. இதைத் தொலைவின் சிக்கலாக மட்டும் காண்பது போதாது. அந்தப் பயணம் தொடங்குவதற்கு முன்பே, நோயை முதலில் பார்க்கும் மருத்துவரின் பயிற்சியில் உள்ள குறையால் வாரக்கணக்கில் காலம் வீணாகிறது என்பதே கவலைக்குரியது.

பிறவிப் பித்தநாள அடைப்பு இதற்குத் தக்க சான்று. ஈரலில் சுரக்கும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் நாளங்கள் பிறந்த சில வாரங்களில் அழற்சியால் அடைபட்டுச் சிதைய, தேங்கிய பித்தநீர் ஈரலையே அரிக்கத் தொடங்குகிறது. மலம் வெளிறுகிறது, சிறுநீர் அடர்மஞ்சளாகிறது, காமாலை நீடிக்கிறது. ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் 1950களில் வகுத்த முறைப்படி, குடலின் ஒரு பகுதியை ஈரலோடு நேரடியாக இணைத்துப் பித்தநீருக்கு வழி செய்யலாம். ஆயினும் குழந்தை பிறந்து 60 நாளுக்குள் செய்தால்தான் அதன் பயன் சிறக்கும். நாள் கடந்தால் பல குழந்தைகளுக்கு எஞ்சுவது ஈரல் மாற்றுச் சிகிச்சை மட்டுமே. இந்தியாவில் குழந்தைக்கு நடந்த முதல் வெற்றிகரமான ஈரல் மாற்றுச் சிகிச்சை, 1998-இல், இதே நோயோடு பிறந்த காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு டெல்லியில் நடந்தது. தந்தை ஈரலின் ஒரு பகுதியைக் கொடுக்க, பிழைத்த அக்குழந்தை வளர்ந்து மருத்துவரானது மகிழ்ச்சிக்குரியது. எனினும் எல்லாக் குடும்பத்துக்கும் டெல்லி எட்டுவதில்லை.

பிறந்து 14 நாள் கடந்தும் காமாலை தெளியாத குழந்தைக்கு, இரத்தத்திலுள்ள பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமியில் ஈரல் பதப்படுத்திய பகுதி எவ்வளவு என்று பிரித்தறியும் எளிய சோதனை செய்தாக வேண்டும். நடப்பதோ வேறு: 'காலை வெயிலில் காட்டுங்கள், சரியாகிவிடும்' என்ற சொல், தாய்ப்பாலால் வரும் தீங்கற்ற காமாலைக்கும் இந்நோய்க்கும் ஒன்றாகவே சொல்லப்படுகிறது. மாந்தம் என்று உரைமருந்து கொடுக்கும் வீட்டாரைக் குறைகூறும் மருத்துவத் துறை, தன் ஆட்களின் இந்தத் தவற்றைக் குறித்துப் பேசுவதில்லை.

மூன்றாண்டு குழந்தைநல மேற்படிப்பை முடித்த மருத்துவர், தாம் பயின்ற கல்லூரியில் குழந்தைகளின் குடல், ஈரல் நோய்த் துறைக்குத் தனிப் பிரிவு இல்லையெனில், குழந்தைக்கு உள்நோக்கிச் சோதனை செய்வதையோ ஈரல் திசு எடுப்பதையோ அருகிருந்து காணாமலேயே பட்டம் பெற்றுவிட முடியும். அதற்கு மேல் மூன்றாண்டு உயர்சிறப்புப் படிப்பான டி.எம். உண்டு. லக்னோவின் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ நிறுவனம், சண்டிகரின் முதுநிலை மருத்துவ நிறுவனம் ஆகியவை இத்துறையை வளர்த்த முன்னோடிகள் என்றாலும், நாட்டின் தேவைக்கு இடங்கள் மிகச் சொற்பம். வளர்ந்தோரைப் பார்க்கும் குடல் மருத்துவரே இடைவெளியை நிரப்பலாம் என்பர் சிலர். வயதுவந்தோரின் ஈரலைக் குடியும் கொழுப்பும் கெடுக்க, பச்சிளம் குழந்தையின் ஈரலைப் பிறவிக் குறைகளும் வளர்சிதைமாற்றக் கோளாறுகளும் கெடுக்கின்றன என்பதால், இது முழு விடையாகாது.

அரிய நோய்க்காக இவ்வளவு ஏற்பாடா என்று கேட்போர், நாள்பட்ட வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், எடை கூடாமை, தீராத மலச்சிக்கல் ஆகியவையும் இதே பயிற்சிக் குறையில் சிக்குவதை எண்ண வேண்டும். தொற்று வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலின் ஆற்றலை 1971-இல் பன்கான் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் மெய்ப்பித்த நாடு இது. ரோட்டா வைரஸ் தடுப்பூசியையும் தமிழ்நாடு 2017-இல் பொதுத் திட்டத்தில் சேர்த்தது. தொற்று வயிற்றுப்போக்குக்குக் காட்டிய அந்த முனைப்பு நாள்பட்ட நோய்களுக்கு இன்னும் வரவில்லை.

குழந்தைநல மேற்படிப்பில் இத்துறைப் பிரிவில் சில மாதங்கள் பணியாற்றுவதைக் கட்டாயமாக்க வேண்டும். அரசுக் கல்லூரிகளின் உயர்சிறப்புப் படிப்புகளில் பணியிலுள்ள அரசு மருத்துவர்களுக்குப் பாதி இடங்களை ஒதுக்கத் தமிழக அரசு 2020-இல் ஆணையிட, 2022-இல் உச்ச நீதிமன்றமும் அதை அனுமதித்தது. அவ்வழியில் இத்துறைக்கும் இடங்கள் உருவாக்கி, பட்டம் பெறுவோரை மாவட்டங்களில் அமர்த்துவதில் தயக்கம் தேவையில்லை. சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்கு ஒதுக்கச் சட்டம் பணிக்கும், நெய்வேலியின் என்.எல்.சி. இந்தியா போன்ற நிறுவனம், ஒப்பந்த அடிப்படையில் இளம் மருத்துவர் ஓரிருவரை இப்படிப்புக்கு அனுப்பி, நகரியத்துக்கும் விருத்தாசலம், பண்ருட்டி சுற்று வட்டாரக் குழந்தைகளுக்கும் பயன்பட வைக்கலாம்.

இவற்றுக்கு ஆண்டுகள் ஆகும்; உடனே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மல நிறத்தை ஒப்பிட்டுக் காட்டும் வண்ண அட்டையைத் தைவான் 2004-இல் நாடு முழுதும் கொடுத்து, 60 நாளுக்குள் அறுவை பெறும் குழந்தைகளின் விகிதத்தை உயர்த்தியது. இங்கும் தாய்சேய் நலக் கையேட்டில் அதை அச்சிட்டு, ஆறாம் வாரத் தடுப்பூசியின்போது செவிலியர் மல நிறத்தைக் கேட்டறியச் செய்யலாம். அச்சுச் செலவைத் தவிர இதற்குப் பெரிதாக எதுவும் வேண்டியதில்லை. அதுவரை, இரண்டு வாரம் கடந்தும் குழந்தையின் கண் மஞ்சளாகவோ மலம் வெளிறியோ இருந்தால், பெற்றோர் அந்தப் பிலிருபின் சோதனையை அன்றே கேட்டுப் பெற வேண்டும்.