கொல்லைப்புறத்துக்கு ஒரு தரை

வாசல் ஊருக்காகக் கட்டுவது. கொல்லைப்புறம் நமக்காகக் கட்டுவது. அதனால்தான் எல்லோரும் வாசலுக்கு வாரி இறைத்துவிட்டு, கொல்லைப்புறம் வரும்போது சட்டைப்பையை உதறிக் காட்டுகிறார்கள்!

எந்தக் கிரகப்பிரவேசத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வாசல்படியில் கிரானைட். ஹாலில் முகம் தெரியும் டைல்ஸ். பூஜை அறையில் தாமரைப்பூ. பின்கதவைத் திறந்தால்? பாத்ரூமில் மிஞ்சிய நீலம் நாலு, சமையலறையில் மிஞ்சிய கிரீம் ஏழு, எங்கிருந்து வந்தது என்று மேஸ்திரிக்கே தெரியாத பச்சை இரண்டு... சாட்சாத் கூட்டணி ஆட்சி! கேட்டால், "பின்னாடிதானே சார், யாரு பாக்கப் போறாங்க?" என்பார் மேஸ்திரி.

யார் பார்க்கப் போகிறார்கள் என்பதா கேள்வி? யார் நடக்கப் போகிறார்கள் என்பதல்லவா கேள்வி! பாத்திரம் தேய்ப்பது, துணி துவைப்பது, வடகம் காயவைப்பது, சாயங்காலம் காற்றாட உட்கார்ந்து கீரை ஆய்வது எல்லாம் அங்கேதான். அங்கே அதிக நேரம் புழங்குகிறவர் பெரும்பாலும் வீட்டிலேயே வயதானவர். எங்கள் வீட்டில் அம்மா. வயது 68. இடம் 12 அடிக்கு 10 அடி. அந்த 120 சதுர அடி மண்ணுக்கு ஒரு தரை போட வேண்டும். அவ்வளவுதான் சமாசாரம்.

அவ்வளவுதானா? போன மழைக்காலத்தில் அடுத்த தெருப் பாட்டி ஒருவர் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. ஆபரேஷன் நல்லபடியாகத்தான் நடந்தது. ஆனால் பாட்டி அதற்குப் பிறகு கொல்லைப்புறம் பக்கம் போகவே இல்லை. கறிவேப்பிலை பறிக்கக்கூட ஆள் விட வேண்டியிருக்கிறது. அந்த வீட்டுத் தரை பார்வைக்கு வெகு அழகு.

ஆகவே, பெண் பார்க்கும் படலம் மாதிரி ஒவ்வொரு சரக்காகப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதல் சிபாரிசு அட்லாண்டாவிலிருந்து வந்தது. மனைவியின் தம்பி வாட்ஸ்அப்பில் தன் வீட்டுப் பின்புறத்தைப் படமெடுத்து அனுப்பி, "மர டெக் போடுங்க அத்தான், சூப்பரா இருக்கும்!" என்றான். இருக்கும்தான். அவன் ஊர்ப் பக்கம் பைன் மரம் காடு காடாக வளர்கிறது. பூச்சி அரிக்காமலிருக்க மருந்தை அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் ஏற்றி விற்கிறார்கள். முன்பு அந்த மருந்தில் ஆர்ஸனிக் இருந்தது. 2003 கடைசியோடு வீட்டு உபயோகத்துக்கு அதை நிறுத்திவிட்டு, தாமிரம் கலந்த மருந்துக்கு மாறினார்கள். அதிலும் ஒரு தகராறு. தாமிரம் சாதா ஆணியைத் தின்றுவிடும். நன்றாகத் துத்தநாகம் தோய்த்த ஆணியோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோதான் போட வேண்டும்.

நமக்குத் தேக்கு இருக்கிறதே என்பீர்கள். மியான்மரில் அமரபுராவில் ஊ பெயின் பாலம் என்று ஒன்று இருக்கிறது. 1850 வாக்கில் கட்டியது. முக்கால் மைலுக்குத் தேக்குக் கால்கள் தண்ணீரில் நிற்கின்றன. ஆனால் அதற்கு மரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பழைய அரண்மனையை இடித்த மரம்! நம்மிடம் இடிப்பதற்கு அரண்மனை ஏது? இளசில் வெட்டிய தோட்டத்துத் தேக்கில் வெளிறிய வெள்ளைப் பாகம் அதிகம். கரையானுக்கு அது கல்யாணச் சாப்பாடு.

அம்மாவின் ஆட்சேபணை வேறு. "பலகைக்குக் கீழே ஒரு அடி சந்து விடணும்கறே. அதுல பாம்பு வந்து படுத்தா எவன்டா பாக்கறது?" அட்லாண்டாக்காரன் பதில் இன்னும் வரவில்லை.

அடுத்தது, மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்துச் செய்த பலகை. கடைக்காரர் தட்டிக் காட்டினார். "கரையான் வராது சார், உளுக்காது சார்." வாஸ்தவம். ஆனால் சித்திரை வெயிலில் சூடேறும். சூட்டில் நீளும் என்பதால் பலகைக்குப் பலகை இடைவெளி விட வேண்டும். அமெரிக்கன் டெக்கில் ஷூ போட்டுக்கொண்டு நிற்கிறான். நாம் கொல்லைப்புறத்தில் வெறுங்காலோடு நிற்கிறோம். இந்த ஒரு வித்தியாசத்தை எந்த விளம்பரப் புத்தகமும் சொல்வதில்லை.

பளபளா விட்ரிஃபைட் டைல்ஸ் அரை சதவிகிதம் தண்ணீர்கூடக் குடிக்காது. பெருமையாகத்தான் சொல்கிறார்கள். குடிக்காத தண்ணீர் எங்கே போகும்? மேலேயே நிற்கும். முகம் தெரிகிற தரையில் ஒரு சௌகரியம், விழும்போது நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டு விழலாம்!

டைல்ஸ்தான் வேண்டுமென்றால் வழுக்காத ரகம் இருக்கிறது. பெட்டியில் ஆர்9 முதல் ஆர்13 வரை போட்டிருப்பார்கள். எண் கூடக்கூடப் பிடிமானம் கூடும். இது ஜெர்மானியர்கள் ஏற்பாடு. சரிவுப் பலகையில் எண்ணெய் ஊற்றி, பூட்ஸ் போட்ட ஆளை நடக்கவிட்டு, ஆசாமி வழுக்கும்வரை பலகையைச் சாய்த்துக்கொண்டே போவார்கள். வெறுங்காலுக்குத் தனிப் பரீட்சை. எண்ணெய்க்குப் பதில் சோப்புத் தண்ணீர். மார்க் ஏ, பி, சி. நம் பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர், இதில் சி வாங்கினவன்தான் கெட்டிக்காரன். கொல்லைப்புறத்துக்கு நாம் கேட்க வேண்டியது இந்த சி.

ஆத்தங்குடிக் கல்? செட்டிநாட்டின் மகாலட்சுமி. சூளையில் சுடுவதே இல்லை. கண்ணாடியின் மேல் வண்ணக் கலவை ஊற்றி, மணலும் சிமெண்டும் வைத்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடி மேல் பிறந்ததால் அந்த வழவழப்பு. அவளை முற்றத்துக்கு உள்ளே கூடத்தில் உட்கார வைப்பதுதான் மரியாதை. சோப்புத் தண்ணீருக்கு அனுப்பக் கூடாது.

கடப்பாக் கல் மலிவு, கெட்டி. ஆனால் கருப்பு. மத்தியானம் தோசை வார்க்கலாம். அதோடு அது சுண்ணாம்புக் கல் ஜாதி. புளி, எலுமிச்சை பட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். ரசம் வைத்த பாத்திரம் தேய்க்கிற இடத்துக்கு அது சரிப்படாது.

கருங்கல்லுக்குப் புளி பயமில்லை. ஆனால் பாலிஷ் போட்டது வேண்டாம். தீ ஜ்வாலை காட்டிப் பொரியவிட்ட ரகம் கேளுங்கள். 'ஃப்ளேம்டு' என்றால் கடைக்காரருக்குப் புரியும். ஈரத்திலும் காலைப் பிடிக்கும். சாம்பல் நிறமாக எடுத்தால் சூடும் கொஞ்சம் குறைவு.

பி.காம். படித்ததில் எனக்கு மிஞ்சியது ஒரு வார்த்தை: தேய்மானம். வாங்குகிற விலையை மட்டும் பார்க்காமல், அதை உழைக்கிற வருஷத்தால் வகுத்துப் பார்ப்பது. மரத்துக்கு எண்ணெய் பூசுகிற செலவு வருஷா வருஷம் வந்து கதவைத் தட்டும். கருங்கல்லுக்கு விலை அதிகம், ஆனால் நமக்கப்புறம் நம் பேரனும் அதில் துணி துவைக்கலாம். எல்லாம் கணக்கில் வந்தது. ஒரே ஒரு செலவைத்தான் எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை. இடுப்பு எலும்புக்குத் தேய்மானம் போட எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை.

கடைசியில் 120 சதுர அடிக்கும் கருங்கல் வேண்டாம் என்று முடிவாயிற்று. கதவிலிருந்து துவைக்கிற கல்வரை, அங்கிருந்து கொடிக்கயிறுவரை, அம்மா தினம் நடக்கிற தடத்துக்கு மட்டும் மூன்றடி அகலத்துக்குக் கருங்கல். மீதிக்கு சிமெண்ட். மழமழவென்று தேய்க்காமல், ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் ஒரு இழுப்பு. அந்தக் கோடுகள்தான் பிடிமானம். பாதிச் செலவு மிச்சம்.

"கல்லு என்னவா வேணா இருக்கட்டும் சார். வாட்டம் சரியில்லேன்னா கொளம்தான்" என்றார் மேஸ்திரி. மனுஷர் சொன்னதிலேயே லட்சம் பெறும் வார்த்தை இதுதான். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம், வீட்டை விட்டு வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும். தண்ணீர் தேங்கினால் பாசி பிடிக்கும். பாசி பிடித்தால் எந்தக் கல்லும் வழுக்கும், சி மார்க் வாங்கியதும் சேர்த்துத்தான். கல் பாவுவதற்கு முன்னால் மண்ணைத் தண்ணீர் விட்டு நன்றாக இடித்துக் கெட்டிப்படுத்துவதும் முக்கியம். இல்லாவிட்டால் இரண்டு மழையில் தரை தொட்டில் ஆடும்.

நீங்கள் எது வாங்கினாலும் முதலில் ஒரே ஒரு துண்டு வாங்கி வாருங்கள். மத்தியான வெயிலில் ஒரு மணி நேரம் போட்டு, வெறுங்காலால் மிதியுங்கள். பிறகு சோப்புத் தண்ணீர் ஊற்றி, யாராவது கையைப் பிடித்துக்கொள்ள, ஏறி நில்லுங்கள். இரண்டிலும் தேறினால் மீதியை வாங்குங்கள். விளம்பரத்தில் வருகிற நடிகை இந்தச் சோதனையைச் செய்து பார்த்திருக்க மாட்டார்!

கதவோரப் படியில் இரும்புக் கைப்பிடி ஒன்றும் பதித்தோம். அம்மாவுக்குக் கோபம். "இது எதுக்குடா? நான் என்ன கெழவியா?"

"துண்டு காயப்போட, அம்மா."

இப்போது தினமும் அதில் ஒரு துண்டு காய்கிறது. படி இறங்கும்போது அம்மாவின் கை, துண்டைச் சரிசெய்கிற சாக்கில், கைப்பிடிக்குப் போகிறது. நாங்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை.