சாட்சி சொல்லப்போகும் கைத்தொலைபேசி

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், முன்னர் எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் வாடிய முகத்தோடு எம் இல்லத்துக்கு வந்தார். வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கெழுதுவது அவர் தொழில். அந்நிறுவனத்துக்கும் அதன் பழைய பங்காளி ஒருவருக்கும் இடையே அந்நாட்டு நீதிமன்றிலே வழக்கு மூண்டுவிட்டதாம். எம் மாணவர் அதில் வாதியுமல்லர், பிரதிவாதியுமல்லர். ஆயினும் இரு திறத்தாரோடும் நாள்தோறும் செய்தி பரிமாறியவர். ஆதலின் அவருடைய கைத்தொலைபேசியிலும் மடிக்கணினியிலும் உள்ளவற்றைப் பிரதியெடுத்தல் வேண்டும் என்றும், அதற்கான கருவிகள் பெட்டியொன்றில் வந்து சேரும் என்றும், தடயவியல் நிபுணர் தம் நாட்டில் இருந்தவாறே இணையத்தின் வழியாக அப்பணியை நடத்துவார் என்றும் நிறுவனத்தின் சட்டத்தரணிகள் எழுதியிருந்தனர்.

“சேர், பெட்டி வருமுன் போனைக் கொஞ்சம் துப்புரவாக்கி வைக்கட்டோ?” என்றார்.

உண்மையைச் சொன்னால், ‘ஆம்’ என்ற சொல் எம் நாநுனிவரை வந்துவிட்டது. விருந்தினர் வருமுன் முற்றம் கூட்டுவது நம்மவர் வழக்கம் அன்றோ? அவர் நீக்க விரும்பியவையும் குற்றமானவை அல்ல. தாயாரின் நோய் பற்றி மனைவியோடு பேசிய குரற்பதிவுகள், கைமாற்றாக வாங்கிய கடனின் கணக்கு, மேலாளரைக் குறித்து மனம் நொந்து எழுதிய இரண்டொரு வரிகள், இவ்வளவே. நல்ல காலமாக, இத்துறையில் தொழில் புரியும் பிறிதொரு பழைய மாணவரைக் கேட்டபின் விடை சொல்வோம் என்று நிறுத்திக்கொண்டோம். அவர் தொலைபேசியிற் பதறியே போனார். “ஒன்றையும் தொட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, சேர்” என்பதே அவருடைய முதல் வார்த்தை.

கூட்டிய முற்றத்தில் விளக்குமாற்றின் கோடு தெரிவதுபோல, அழித்த கருவியிலும் அழித்த சுவடு தெரிவதுண்டு. என்ன இருந்தது என்பது தெரியாமற் போகலாம். எப்போது, எதனைக்கொண்டு அழிக்கப்பட்டது என்பது பலவேளைகளில் வெளிப்பட்டுவிடும். அந்நிலையில், கடன் கணக்கை அழித்தவரும் கள்ளக் கணக்கை அழித்தவரும் நீதிமன்றின் கண்ணுக்கு ஒருவரேபோலத் தோன்றுவர்.

நாம் தொடாதிருப்பினும் கருவி தானாகவே அழித்துக்கொண்டிருத்தல் இதனினும் வியப்புக்குரியது. ஐபோனிலே குறுஞ்செய்திகளை 30 நாளுக்கோ ஓராண்டுக்கோ மட்டும் வைத்திருக்குமாறு அமைத்துவிட்டால், தவணை கடந்தவை சொல்லாமற் கொள்ளாமற் போய்விடும். வட்ஸ்அப்பில் மறையும் செய்திகளுக்கு 24 மணி, 7 நாள், 90 நாள் என்று தவணைகள் உண்டு. எப்போதோ ஒருநாள் இடநெருக்கடிக்காக அழுத்திய பொத்தானை நாம் மறந்துவிடுகிறோம், கருவி மறப்பதில்லை.

அமெரிக்காவின் புகழ்பெற்ற இசைக்கலைஞர் பிரின்ஸ் 2016ஆம் ஆண்டு ஏப்பிரலிற் காலமானார். மறைந்து ஓராண்டு நிறையும் வேளையில், அவருடைய வெளிவராத பாடல்கள் சிலவற்றை வெளியிட முற்பட்டோர்மீது அவர்தம் சொத்தைப் பராமரித்தோர் மினசோட்டாவிலே வழக்குத் தொடுத்தனர். வெளியீட்டு நிறுவனத்தை நடத்திய இருவர் தம் தொலைபேசிகளில் செய்திகள் தானாக அழியும் அமைப்பை நிறுத்தவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே பழைய தொலைபேசிகளை வெறுமையாக்கிக் கழித்தும் விட்டனர். தம் சொந்தத் தொலைபேசிச் செய்திகளும் வழக்குக்கு வேண்டியவை என்று தாம் நினைக்கவில்லை என்பது அவர்கள் கூறிய சமாதானம். நீதிமன்று அதனை ஏற்கவில்லை. அவ்வமைப்பை நிறுத்தச் சில நிமிடங்களே போதும் என்று கண்டித்து, 2019ஆம் ஆண்டு மார்ச்சிலே 10,000 டொலர் தண்டம் விதித்ததோடு, எதிர்த்தரப்பாரின் செலவையும் இறுக்குமாறு கட்டளையிட்டது.

ஆகவே, பிரதியெடுக்கும் நாளுக்கு ஆயத்தஞ் செய்தல் என்பது பெரும்பாலும் கைகட்டி இருத்தலேயாம். தானாக அழியும் அமைப்புகளை நிறுத்தி, அவ்வாறு நிறுத்தியதைச் சட்டத்தரணிக்கு அறிவித்தல் வேண்டும். தொலைபேசியை மாற்றுதலும், விற்றலும், பிள்ளைகளிடம் விளையாடக் கொடுத்தலும் ஆகா. துப்புரவாக்கும் மென்பொருள் எதனையும் கணினியில் ஓட்டலாகாது.

கடவுச்சொற்களின் சங்கதி தனியே சொல்லத்தக்கது. ஐபோனின் உள்ளடக்கத்தைக் கணினியிற் சேமிக்கும்போது, பூட்டிய பிரதி, பூட்டாத பிரதி என இருவகை உண்டு. பூட்டிய பிரதியிலேதான் கூடுதலான விடயங்கள் அடங்கும். அழைப்பு விவரம், சேமித்த கடவுச்சொற்கள் முதலியன பூட்டாததில் இடம்பெறா. பெட்டகத்துக்குள் இருப்பதே முழுமையானது என்க. ஆனால் முன்னொருகால் இட்ட பூட்டின் கடவுச்சொல்லை மறந்தவர்கள் எத்தனைபேர்! எம் மாணவரும் அவருள் ஒருவர். நினைவுக்கு வந்தவற்றையெல்லாம் இட்டுப் பார்த்துப் பத்துமுறை தவறினால் அனைத்தையும் அழிக்கும் அமைப்பு திரைப்பூட்டுக்கு உண்டு. ஆதலின் எந்தப் பூட்டோடும் மல்லுக்கட்டாது நிபுணரிடம் முன்கூட்டியே உண்மையைச் சொல்வதே தக்கது. விண்டோஸ் கணினியிற் பிட்லொக்கர் பூட்டு இருப்பின், அதன் 48 இலக்க மீட்புத் திறவுகோலைத் தேடி வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

குடும்பச் செய்திகள் என்னாவது என்பதே எம் மாணவருடைய மெய்யான அச்சம். அழிப்பதற்குப் பதிலாகக் கேட்பதற்கு வழியுண்டு. எந்தத் தேதிமுதல் எந்தத் தேதிவரை, யார் யாரோடு பரிமாறியவை வழக்குக்கு வேண்டும் என்று எழுத்தில் வினவலாம். முழுப்பிரதி எடுக்கப்பட்டாலும் பொருத்தமானவற்றை மட்டும் பிரித்தெடுத்து, எஞ்சியவற்றை எவருக்கும் காட்டாதிருக்க உடன்பாடு கோரலாம். ஒன்றை வற்புறுத்துகிறோம்: நிறுவனத்தின் சட்டத்தரணி நிறுவனத்துக்கே சட்டத்தரணி; ஊழியருக்கு அல்லர். ஐயமிருப்பின் தமக்கென ஒருவரை நாடுவது அவநம்பிக்கை ஆகாது.

மாணவரும் இல்லத்தரசிகளும் இதனையுங் கேட்க. “உங்கள் கணினியை நாம் தூரத்திலிருந்து பார்க்கவேண்டும், இந்தச் செயலியை நிறுவுங்கள்” என்று முன்பின் அறியாதவர் அழைத்தால் அது பெரும்பாலும் திருட்டே. மெய்யான பணிக்குக் கடிதமும் பெயரும் நாளும் முன்னரே வரும். வந்த கடிதத்திலுள்ள இலக்கத்தை நம்பாது, தாம் முன்பே அறிந்த அலுவலக இலக்கத்துக்கு அழைத்து உறுதிசெய்துகொள்ளல் வேண்டும். எம் மாணவர் அவ்வாறே செய்தார்.

பெட்டியில் சிறு கணினி ஒன்றும், பூட்டிடப்பட்ட வன்தட்டு ஒன்றும், கேபிள்களும், யார் கையிலிருந்து யார் கைக்கு எந்நேரம் மாறியது என்று எழுதிக் கையொப்பமிடும் தாளும் இருந்தன. இணைய வேகம் போதுமோ என்று அவர் அஞ்சியது வீண். தரவு முழுவதும் அருகிலுள்ள வன்தட்டிலேயே பதிகிறது. நிபுணர் திரையைப் பார்த்து இயக்குவதற்கு மட்டுமே இணையம் வேண்டப்படுகிறது. கேபிளைத்தான் கவனித்தல் வேண்டும். கடையில் மலிவாய் வாங்கும் சில கேபிள்கள் மின்னேற்றுமேயன்றித் தரவைக் கடத்தா. மடிக்கணினி நடுவில் உறங்கிவிடாதவாறு அமைத்து, மின்னேற்றியை மாட்டி, “இக்கணினியை நம்பலாமா” என்று தொலைபேசி வினவியபோது ஒப்புதல் அளித்தார். காலை ஒன்பதுக்குத் தொடங்கியது மாலை நான்குக்கே முடிந்தது. இறுதியில் நிபுணர் 64 குறிகள் கொண்ட நீண்ட வரியொன்றைப் பதிவுசெய்தார். பிரதியில் ஒரு காற்புள்ளி பின்னர் மாறினாலும் அவ்வரி வேறாகிவிடுமாம். கணினி தந்த ஆவணம் நம் நாட்டு நீதிமன்றுகளிலும் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்ச் சான்றாக ஏற்கப்படக் கூடியதாகலின், இவ்வரியின் பெறுமதியை நம்மவரும் அறிந்திருத்தல் நன்று.

சென்ற கிழமை அவர் மீண்டும் வந்திருந்தார், முகம் தெளிந்திருந்தது. தாயாரின் குரற்பதிவுகள் அப்படியே இருக்கின்றனவாம். “இனிச் செய்திகளை 30 நாளில் அழியிறமாதிரிப் பழையபடி போடலாமோ, சேர்?” என்று கேட்டார். சட்டத்தரணிகளின் கடிதத்தை எடுத்துக் கடைசிப் பந்தியைக் காட்டினோம். வழக்கு முடிந்ததாக எழுத்தில் அறிவிக்கும்வரை எதனையும் மாற்றலாகாது என்று அதில் எழுதியிருந்தது. பெருமூச்சு விட்டுத் தேநீரை எடுத்துக்கொண்டார்.