மேலதிகாரியும் ஏழரைச் சனியும்

கடைகளிலும் ஆபீசுகளிலும் ஆலைகளிலும் வயிறு வளர்க்கும் நம் மக்கள், மேலதிகாரியால் தொல்லை ஏற்பட்டவுடன் யாரிடம் போய்ச் சொல்லிக்கொள்ளுகிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் ஜோசியரிடந்தான். அவர் ஜாதகத்தைப் புரட்டி, "உமக்கு ஏழரைச் சனி, எள் தீபம் போடும், அதிகாரி மனம் இளகும்" என்கிறார். இவரும் சனிக்கிழமைதோறும் எள்ளுக்கும் எண்ணெய்க்கும் அழுதுவிட்டு, திங்கட்கிழமை காலையில் போய் அதே வசவைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

நாம் ஒன்று கேட்கிறோம். ஏழரைச் சனி ஒரே சமயத்தில் 3 ராசிக்காரர்களைப் பிடிக்கும் என்பதுதானே அவர்கள் கணக்கு? 12-ல் 3 என்றால் நாலில் ஒரு பங்கு. அப்படியானால் 40 பேர் வேலை செய்யும் ஜவுளிக்கடையில் சுமார் 10 பேர்தானே மானேஜரிடம் அவஸ்தைப்பட வேண்டும்? மற்ற 30 பேரும் ஏன் காலை முதல் இரவு வரை கால் வீங்க நிற்கிறார்கள்? அந்த மானேஜருக்கு மாத்திரம் ராசி கிடையாதா?

நிற்பது என்றதும் ஞாபகம் வருகிறது. 1947-ம் வருஷத்திய தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. சிப்பந்திகள் எல்லோருக்கும் ஆசனம் போட வேண்டும், வேலைக்கிடையே சமயம் கிடைத்தபோது உட்கார விட வேண்டும் என்பது அதன் சாரம். கேரளத்தில் இதை 2018-லேயே செய்துவிட்டார்கள். மனிதன் உட்காருவதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்ததே வெட்கம். அதைவிட வெட்கம், நாற்காலி இருந்தும், "பார்த்தால் என்ன நினைப்பாரோ" என்று நின்றுகொண்டிருப்பது. பண்ணையார் முன் துண்டை இடுப்பில் கட்டி நின்ற காலம் உண்டு. துண்டு தோளுக்கு வந்துவிட்டது. கால் மாத்திரம் இன்னும் அந்தப் பண்ணை வாசலிலேயே நிற்கிறது.

சட்டமும் உத்தரவும் தாமாக நடந்து வருவதில்லை என்பதற்குப் போலீசாரின் ஆர்டர்லி முறையே சாட்சி. அதிகாரி வீட்டு வேலைக்குக் காவலரை வைத்துக்கொள்ளும் அந்த முறையை 1979-லேயே சர்க்கார் உத்தரவு போட்டு ஒழித்தது. ஒழிந்துபோனதாகச் சொன்ன அதை ஒழிக்கும்படி 43 வருஷம் கழித்து, 2022-ல், சென்னை ஹைகோர்ட்டு கட்டளையிட வேண்டியதாயிற்று!

"எதிர்த்துப் பேசினால் வேலை போய்விடுமே, பிள்ளை குட்டி என்ன ஆவது?" என்பார்கள். இது நியாயமான பயந்தான். ஆதலால் ஒருவர் தனியே போய் மானேஜரிடம் வீரம் பேசும்படி நாம் சொல்லவில்லை. மேற்படி 1947-ம் வருஷத்துச் சட்டத்தின் 41-வது பிரிவைப் படிக்கச் சொல்லுகிறோம். 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமின்றியும், ஒரு மாத நோட்டீசோ அதற்கீடான சம்பளமோ இன்றியும் நீக்கக் கூடாது என்கிறது அது. நீக்கினால் அப்பீல் செய்யலாம். அப்பீலுக்கு ருஜு வேண்டாமா? எள் வாங்கும் காசில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் யார் என்று எழுதி வையுங்கள். வேலை உத்தரவையும் சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். குறையை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அந்த எழுத்தில் ஒரு பெயருக்குப் பதில் 20 பெயர் இருந்தால் மானேஜரின் குரல் தானே இறங்கும்.

பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் அப்படித்தான் செய்தார்கள். சாப்பாட்டு நேரம் போதவில்லை, மேலாட்களின் வசவு பொறுக்கவில்லை என்ற குறைகளோடு 1918-ம் வருஷம் ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்தார்கள். வாடியா தலைவரானார், செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு, திரு.வி.க. முதலியோர் முன் நின்றார்கள். அதற்குப் பின்னரே சங்கம் என்ற சொல்லுக்கு முதலாளிகள் காது கொடுத்தார்கள்.

இன்னொரு சங்கதி. மேலே இருக்கும் முதலாளியைவிட, நேற்று வரை நம்மோடு நின்று வசவு வாங்கி இன்று மேஸ்திரியானவர் செய்யும் கொடுமைதான் பல இடங்களில் அதிகம். தம்மைவிட வயதில் மூத்தவரையே "டேய்" என்கிறார். இப்பேர்ப்பட்டவரைச் சங்கத்தில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். "டேய்" போடுவதை விட்டுவிட்டு வரட்டும், சேர்த்துக்கொள்ளலாம்.