பாட்டை வெட்டாமல் ஒப்படைக்க வேண்டும்: அயர்லாந்து பைரட் வானொலி ஒலிநாடாக்கள் குறித்துச் சங்கத்தின் நிலைப்பாடு

சங்கம் சேகரித்து வைத்திருக்கும், அயர்லாந்தின் பைரட் (உரிமம் பெறாத) வானொலி நிலையங்களுடைய ஒலிநாடாக்களை நிரந்தரமாகப் பெற்றுக்கொள்ள முன்வந்த நிறுவனம், கடைசியாக எழுதிய கடிதத்தில் புது நிபந்தனை ஒன்றைச் சேர்த்திருக்கிறது. டிஜிட்டல் கோப்பாக மாற்றும்போதே பாடல்களை வெட்டி எடுத்துவிட வேண்டும்; அறிவிப்பாளர் பேச்சு, செய்தி, விளம்பரம் ஆகியவை இருந்தால் போதும்; காப்புரிமைத் தொல்லையே வராது என்கிறது அந்தக் கடிதம். பேச்சுவார்த்தை எங்கே தொடங்கி எங்கே நின்றது என்பதை உறுப்பினர்கள் அறிவார்கள். இந்த நிபந்தனையை இப்போதுள்ள வடிவில் ஏற்பதற்கில்லை என்று செயற்குழு ஒருமனதாக முடிவெடுத்துள்ளது. எவ்வளவு கடுமையாகச் சொல்வது என்பதில் மட்டும் இரண்டு கருத்து இருந்தது.

இந்த நாடாக்களுக்கு மாற்று கிடையாது. 1926-ஆம் ஆண்டின் வயர்லெஸ் தந்திச் சட்டப்படி உரிமம் பெறாமல் ஒலிபரப்பிய நிலையங்கள் ஆவணக் காப்பகமா வைத்து நடத்தும்? இன்று கையில் இருப்பவற்றில் பெரும்பகுதி நேயர்கள் வீட்டு டேப் ரிக்கார்டரில் பிடித்து வைத்த கேசட்டுகள். டப்ளினில் பதிவானவை உண்டு. ஐரிஷ் கடலுக்கு அக்கரையில், வேல்ஸிலும் வடமேற்கு இங்கிலாந்திலும், இரைச்சலுக்கு நடுவே பதிவானவையும் உண்டு. அந்த நேயர்கள் அன்று பொத்தானை அழுத்தாமல் இருந்திருந்தால் இன்று பேசுவதற்கு ஒன்றுமே இருந்திருக்காது.

பாடல் 'எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும் பொருள்' என்று கடிதம் சொல்கிறது. செயற்குழு கூட்டத்தில் அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது இந்த ஒரு வரிதான்.

ரேடியோ நோவாவை எடுத்துக்கொள்ளலாம். கிறிஸ் கேரி 1981-இல் டப்ளினில் தொடங்கிய நிலையம் அது. பேச்சைக் குறைத்துப் பாட்டுக்குப் பின் பாட்டாக விடாமல் போட்டது, எஃப்.எம். ஒலியைக் கூர்மையாக்கிப் போட்டது. தலைநகரத்து இளைஞர்கள் அங்கே போனதற்குக் காரணம் அந்த ஒலி. நோவா நாடாவில் பாட்டை எடுத்துவிட்டால் எஞ்சுவது நிலையத்தின் பெயர், நேரம், நாலு விளம்பரம். முன்னிசை ஓடிக்கொண்டிருக்க, பாடகர் வாய் திறக்கும் நொடி வரை பேசி, சரியாக அங்கே நிறுத்தும் அறிவிப்பாளரின் கைத்திறன் போய்விடும். ஒரு பாட்டின் வாலில் அடுத்ததை ஏற்றும் இடம் போய்விடும். அந்தப் பாட்டு கடையில் கிடைக்கும் இசைத்தட்டிலும் இருக்கிறது, உண்மைதான். 1982-இல் ஒரு சனிக்கிழமை இரவு நோவா அதை ஒலிபரப்பிய விதம் எந்தக் கடையிலும் இல்லை.

1983-இல் அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்.டி.இ., பைரட் நிலையங்களின் அலைவரிசை மீதே இடையூறு ஒலியை ஏவியது. நேயர் நாடாக்களில் அந்த இடையூறு கேட்கிறது. எதன் மேல் கேட்கிறது? பெரும்பாலும் பாடல்களின் மேல். பாட்டை வெட்டுகிற கத்தரி, சொந்த நாட்டு மக்கள் கேட்டுக்கொண்டிருந்த வானொலியை அரசு நிறுவனமே அடைத்ததற்கான சான்றையும் சேர்த்தே வெட்டும். அந்த ஆண்டு மே 18-ஆம் தேதி நோவாவிலும் மறுநாள் இன்னொரு பைரட் நிலையமான சன்ஷைன் வானொலியிலும் அதிகாரிகள் புகுந்து கருவிகளை எடுத்துப் போனார்கள். நேயர்கள் டப்ளின் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். அவ்வளவு பேரை வீதிக்கு இழுத்த ஒலியை இன்று ஒரு பண்பாட்டு நிறுவனம் தேவையில்லாத சரக்கு என்று தள்ளுவதைச் சங்கம் எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது.

பாட்டு காலத்தையும் காட்டும். பெட்டியில் வரும் கேசட்டுகளில் பலவற்றில் தேதி கிடையாது. அட்டையில் 'பிக் டி, இரவு' என்று பென்சிலில் எழுதியிருந்தால் அதுவே பெரிது. அப்போது தேதியை நெருங்க வழி, என்னென்ன புதுப் பாட்டு வருகிறது என்று கேட்பதுதான். அந்த பிக் டி வானொலியில் இரவு நிகழ்ச்சி நடத்திய டேவ் ஃபானிங்கின் பெயர் நின்றது அவர் தேர்ந்தெடுத்துப் போட்ட பாட்டுகளால். பாட்டில்லாத ஃபானிங் நாடாவை யார் கேட்பார்கள், எதற்காகக் கேட்பார்கள்? இந்த நிலையங்கள் பக்கம் இளைஞர்கள் சாய்ந்ததைப் பார்த்த பிறகுதான் ஆர்.டி.இ. 1979 மே 31 அன்று ரேடியோ 2-ஐத் தொடங்கியது. ஃபானிங்கும் அங்கே போய்ச் சேர்ந்தார். அரசின் கொள்கையை நகர்த்தியது இசை.

பாட்டு நீக்கிய பதிவு எப்படியிருக்கும் என்பது சங்கத்துக்குப் புதிதல்ல. நாடாவை மிச்சம் பிடிக்க, பாட்டு வரும்போதெல்லாம் பாஸ் பொத்தானை அழுத்திப் பதிந்தவர்கள் அன்றும் இருந்தார்கள். சேகரிப்பாளர்கள் 'ஸ்கோப்' என்று சொல்லும் வகை. ஒன்றரை மணி நேரத்துக்கான கேசட் முழுவதும் தொண்டையைச் செருமிச் செருமி நிறுத்தும் குரல்கள். எந்த மணி நேரத்தில் என்ன நடந்தது என்று பிடிபடாது. அந்த நேயர்களுக்குக் கேசட் வாங்கக் காசில்லை. இந்த நிறுவனத்துக்கு அந்தக் காரணம் இல்லை.

பேச்சே பிரதானமான பதிவுகளில் இந்த நிபந்தனையால் இழப்பு குறைவு என்பதைச் செயற்குழு ஒப்புக்கொள்கிறது. 1970 ஈஸ்டரில் ரோஸ் முக்கிலிருந்து ஐரிஷ் மொழியில் ஒலித்து, இரண்டே ஆண்டில் ரேடியோ ந கெல்டாக்டா என்ற அரசு நிலையம் பிறக்க வழிசெய்த சோர் ரேடியோ கொனமாரா, பிரே நகரத்துச் சமூக நிலையமான பி.எல்.பி., நோவாவின் செய்திப் பிரிவு ஆகியவை இதில் சேரும். பின்னாளில் ஆர்.டி.இ. தொலைக்காட்சிச் செய்தியின் முகமாக விளங்கிய பிரையன் டாப்சன் நோவாவில் செய்தி வாசித்தவர். இவற்றுக்குக் கத்தரியின் சேதம் சிறிது. ஆனால் ஒரு பகுதிக்குப் பொருந்துவதை மொத்தத் தொகுப்புக்கும் விதியாக்க முடியாது.

காப்புரிமை பற்றிய கவலையைச் சங்கம் அலட்சியப்படுத்தவில்லை. பாட்டு இசைத்தட்டு நிறுவனங்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் சொந்தம். அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் பாதுகாப்புப் பிரதி எடுப்பதும் இணையத்தில் வெளியிடுவதும் வேறு வேறு செயல்கள். கடிதம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/790 நெறிமுறையின் 6-ஆம் பிரிவு, பண்பாட்டு நிறுவனங்கள் தங்கள் தொகுப்பில் நிரந்தரமாக உள்ள படைப்புகளைப் பாதுகாப்புக்காக எந்த வடிவத்திலும் பிரதி எடுக்க இடம் கொடுக்கிறது. அயர்லாந்து 2021 நவம்பரில் அதை நாட்டுச் சட்டத்தில் சேர்த்துவிட்டது. சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவை நிறுவனமே உள்ளிருந்து தாழிடுவது ஏன்?

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொகுப்பில் 'நிரந்தரமாக' இருந்தால்தான் அந்தப் பிரிவு பொருந்தும். நாடாக்களைக் கடனாக மட்டும் கொடுக்கலாம் என்று சில உறுப்பினர்கள் சொன்ன யோசனையை இக்காரணத்தால் செயற்குழு கைவிட்டது. வருத்தத்தோடுதான்; சிலருக்கு அந்த நாடாக்கள் அவர்களுடைய இளமைக்காலம்.

ஆகவே சங்கம் கேட்பது இதுதான். மூலக் கோப்பு ஒரு நொடிகூட வெட்டப்படாமல், 24 பிட் தரத்தில், சுருக்கப்படாத வடிவில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் வளாகத்துக்குள் ஆய்வாளர்கள் அதை முழுமையாகக் கேட்க வசதி வேண்டும். இணையத்தில் வைக்கும் பிரதியில் இசையைக் குறைப்பதை, உரிமைச் சங்கங்களோடு உடன்பாடு காணும் வரை, சங்கம் எதிர்க்காது. எந்த இடத்தில் எவ்வளவு நீக்கப்பட்டது, என்ன பாட்டு என்ற குறிப்பு அதனுடன் இருக்க வேண்டும். இந்த விட்டுக்கொடுத்தல் எல்லோருக்கும் உவப்பானதல்ல. இதற்கு மேல் இறங்க இடமில்லை.

மாற்றும் வேலையும் அவசரத்தில் முடிக்கக்கூடியதல்ல. ஒவ்வொரு கேசட்டும் பதிவான கருவியின் தலை எந்தக் கோணத்தில் இருந்ததோ, இயக்கும் கருவியின் தலையையும் அதே கோணத்துக்குத் திருகி வைத்தால்தான் மேல்சுருதி தெளியும். காதை வைத்துக் கேட்டு, சிறு திருப்புளியால் இம்மி இம்மியாகத் திருப்ப வேண்டும். நாடாவை அழுத்திப் பிடிக்கும் குட்டிப் பஞ்சு பல கேசட்டுகளில் ஒட்டு விட்டு விழுந்துவிட்டது; முதலில் அதை ஒட்ட வேண்டும். மொத்தமாக ஒரே அமைப்பில் ஓட்டிவிடலாம் என்ற திட்டத்தை மறுபரிசீலனை செய்வது நல்லது.

மற்றவை சுருக்கமாக. மாற்றி முடித்தபின் அசல் கேசட்டுகளைக் கழிக்கக் கூடாது. புனைபெயரில் பேசிய அறிவிப்பாளர்களின் இயற்பெயரை அவர்கள் சம்மதமில்லாமல் பட்டியலில் சேர்க்கக் கூடாது. 90-களின் நடன இசை நிலையங்களைச் சேர்ப்பது பற்றி இன்னும் உடன்பாடு எட்டவில்லை. அது தனியாகப் பேசப்படும்.

1988-ஆம் ஆண்டின் சட்டம் உரிமமில்லாத நிலையங்களுக்கு விளம்பரம் தருவதையும் சரக்கு வழங்குவதையும்கூடக் குற்றமாக்கியது. அந்த ஆண்டு டிசம்பர் முடிவில் பெரும்பாலான நிலையங்கள் தாமாகவே மூடின. அந்தக் கடைசி மணி நேரங்களின் நாடாக்கள் சங்கத்திடம் இருக்கின்றன. கடைசியாக எந்தப் பாட்டைப் போடுவது என்று நிலையத்துக்கு நிலையம் யோசித்து முடிவு செய்தார்கள். அறிவிப்பாளர் நன்றி சொல்லிவிட்டு அந்தப் பாட்டைப் போடுகிறார். பாட்டு முடிந்ததும் அலைவரிசையில் இரைச்சல். இந்த நிபந்தனைப்படி நன்றியும் இரைச்சலும் காப்பகத்துக்குப் போகும், நடுவிலிருப்பது குப்பைக்குப் போகும். இதைச் சரி என்று எழுதிக் கையெழுத்திடச் செயற்குழுவில் ஒருவரும் தயாராக இல்லை.

மூலக் கோப்பு குறித்த உறுதிமொழி எழுத்தில் வரும் வரை பெட்டிகள் இப்போதுள்ள இடத்திலேயே இருக்கும். தம்மிடமுள்ள நாடாக்களை உறுப்பினர்கள் யாரும் தனியாக அந்த நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று செயற்குழு கேட்டுக்கொள்கிறது. பதில் கிடைத்ததும் அது முழுமையாக அடுத்த பொதுக்குழுவின் முன் வைக்கப்படும்.